எலும்பு ஊசியும் என் தாடையும்

அனுப்புநர்:
புஷ்பலதா த/பெ சின்னையா,
செமோர், பேராக்.

பெறுநர்:
துணை இயக்குநர் (நோயாளர் நலம்),
செம்பாக்கா பொது மருத்துவமனை,
ஈப்போ.

பொருள்: எலும்பு ஊசியால் என் தாடைக்கு ஏற்பட்ட கேடும், பதிவு முகப்பில் நேர்ந்த அவமானமும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்று ஒரு தாதி சொன்னார். மலாய் மொழியில் எழுதினால் மகளிடம் கொடுத்துத் திருத்த வேண்டியிருக்கும். அவள் இதைப் படிப்பதில் எனக்கு வெட்கம். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

1. நான் ஈப்போவில் ஒரு துணிக்கடையில் புடவை விற்றுவந்தேன். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் தங்கள் மருத்துவமனையில் மாதந்தோறும் எலும்பு ஊசி போட்டார்கள். இடுப்பு வலி குறைந்து வேலைக்குத் திரும்பினேன். அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் ஊசிக்கு முன் பல் மருத்துவரிடம் பல்லைக் காட்ட வேண்டும் என்றோ, பிறகு தங்களைக் கேட்காமல் பல் பிடுங்கக்கூடாது என்றோ எவரும் சொல்லவில்லை.

2. சென்ற ஆண்டு கடைவாய்ப் பல் வலித்தது, செமோரிலேயே பிடுங்கிக்கொண்டேன். குழி ஆறவில்லை. ஈறு விலகி எலும்பு தெரிந்தது. எவ்வளவு தேய்த்தும் வாய் நாற்றம் போகவில்லை. முதலாளி என்னைக் கிடங்கில் துணி மடிக்க அனுப்பிவிட்டார். மகள் பிரமிளாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன் நான் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று கணவர் சொல்லிச் சமாளித்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

3. அதன்பின் தங்கள் மருத்துவமனைக்கு வந்தேன். முகப்பில் இருந்த பெண் என் அட்டையை வாங்கும்போதே, எல்லாரும் கேட்கும்படி, "அக்கா, வாய் கழுவறதே இல்லையா? நாத்தம் தாங்கல. வெளிய போய் உக்காருங்க லா" என்றார். நான் வெளியே உட்காரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். பிறகு ஊசிக்குக்கூட வரவில்லை.

4. தாடையின் கீழே வீங்கிச் சீழ் வந்த பிறகே கணவர் என்னை ஒரு தனியார் பல் மருத்துவரிடம் அழைத்துப்போனார். "இது அந்த எலும்பு ஊசி மருந்தால வந்தது மா. உங்க சுத்தத்துல ஒண்ணும் குறை இல்ல" என்றார் அவர். காரில் ஏறியதும் அழுதுவிட்டேன். ஆயினும் யாரோடு பேசினாலும் என் கை தானாக வாயை மூடிக்கொள்கிறது.

செத்த எலும்பை எடுக்கத் தங்களிடமே வர வேண்டுமாம். அருள்கூர்ந்து எனக்கு ஒரு தேதி கொடுங்கள். கூப்பிடும்வரை ஒதுக்குப்புறமாக உட்கார ஓரிடம் தாருங்கள். இனி இந்த ஊசி போட்டுக்கொள்ளும் எவருக்கும் முதலில் பல்லைக் காட்டும்படி, அவரவருக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆணையிடுங்கள். அந்தப் பெண்ணுக்குத் தண்டனை வேண்டாம். இது மருந்தால் வந்தது என்று மட்டும் அவரிடம் தாங்கள் சொல்லிவிடுங்கள் ஐயா. அட்டையை நான் மறுபடியும் அவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நாள்: 12.3.2025
இடம்: செமோர்

பணிவுடன்,
சி. புஷ்பலதா