பன்னிரண்டில் பத்துப் படங்கள்

தோஹா, அக்டோபர் 9

அன்புள்ள அபிதாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? எங்கள் தச்சுப்பட்டறையில் செய்த சுழல் உருளையைப் பதினெட்டாம் தேதி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போவதாக மேலாளர் இன்று காலை சொன்னார். சினிமாவுக்கு முந்தைய காலத்துப் பொருள். உள்ளே பன்னிரண்டு படங்களை வரிசையாக ஒட்டிச் சுற்றி, பக்கத்துப் பிளவுகள் வழியே பார்த்தால் உருவம் அசையும்.

சோதித்துப் பார்க்க, பள்ளி விளையாட்டு விழாவில் நம் காவ்யா கயிறு தாண்டியபோது நீ எடுத்து அனுப்பிய பத்துப் படங்களை ஒட்டினேன். குதித்தாள். தேவிகாபுரத்துக் கிரண் எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணா, பாப்பா மூச்சு வாங்காம குதிச்சிகினே கீது. எத்தினியாவது படிக்குது?" புதிதாக வந்தவன், அவள் இறந்தது தெரியாது. நான்காவது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு படம் குறைவதால் ஒவ்வொரு சுற்றிலும் மறைந்து மறைந்து வருகிறாள். மீதி உன் பழைய போனில் இருக்கும். இரண்டு வருடமாக நீ அதைத் தொடவில்லை என்று தெரியும். போனில் பேசும்போது கேட்க வாய் வரவில்லை. முடிந்தால் சார்ஜ் போட்டுப் பார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜான் அடுத்த வாரம் ஆரணியிலிருந்து திரும்பும்போது கொஞ்சம் ஊறுகாயும் கொடுத்தனுப்பு.

அவன் விமானத்துக்குக் கிளம்புகிறான், முடிக்கிறேன். காட்சிக்குக் குதிரைப் படங்களைத்தான் ஒட்டுவார்கள். பதினெட்டு வரை உருளை என்னிடம் இருக்கும். அவளுடைய இரண்டு இடத்தையும் காலியாக வைத்திருக்கிறேன்.

லோகநாதன்