பதினாலு கிலோ மிஷினும் இரண்டு ஸ்பிரிங்கும்

மார்ச் 4, செவ்வாய்

எனக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை. விடிந்ததும் என் மனைவி, இவள், தையல் மிஷினைத் தரையிலிருந்து தூக்கி மேஜைமேல் வைப்பாள். அப்போது "ம்ம்ப்" என்று ஒரு முனகல் வரும். அதில் விழித்து, குளித்து, ஏழரைக்குப் பஸ்ஸை எடுத்துவிடுவேன். இத்தனை வருஷமாக ஒரு மனுஷியின் வலியில் எழுந்துகொண்டிருக்கிறேன் என்பது டாக்டர் சொல்லித்தான் உறைக்கிறது. தோளில் ஜவ்வு கிழிய ஆரம்பித்திருக்கிறதாம். மிஷினில் தைக்கலாமாம். பாரம் தூக்கவே கூடாது.

வீட்டில் இருப்பது ஒரே மேஜை. துணி வெட்ட மிஷின் இறங்க வேண்டும், தைக்க ஏற வேண்டும். காலையில் நான் தூக்கி வைக்கலாம். மற்ற நேரம் நான் பஸ்ஸில்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், "மிஷினை யாருக்காவது கொடுத்துடலாங்க" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு.

மார்ச் 6, வியாழன்

யோசனை வந்துவிட்டது. மேஜைக்குள்ளேயே ஒரு தட்டு, அதைத் தாங்க இரும்புக் கைகள், கைகளை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங். கொக்கியை விட்டு விரலால் தொட்டால் மிஷின் மேலே வர வேண்டும். பதினெட்டு வருஷம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு ஸ்பிரிங்கைப் பற்றித் தெரியாதா? உட்கார்ந்த இடத்துக்குத் தெரியும். தலைவரைக்கும் ஏறவில்லை.

மகள் ஹாஸ்டலில் தங்கி மெக்கானிக்கல் படிக்கிறாள். போன் போட்டேன்.

"மிஷின் பதினாலு கிலோம்மா. பதினாலு கிலோ இழுக்கிற ஸ்பிரிங் போதும்ல?"

"கை சுத்துற அச்சுலேர்ந்து மிஷின் எவ்ளோ தூரம்ப்பா?"

"முப்பத்திரண்டு சென்டிமீட்டர்னு போட்டிருக்கேன்."

"ஸ்பிரிங் மாட்டற இடம்?"

"எட்டு."

"அப்ப நாலு மடங்கு இழுக்கணும். ஐம்பத்தாறு கிலோ. ரெண்டு ஸ்பிரிங்னா ஆளுக்கு இருபத்தெட்டு."

நம்பாமல் போய் வாசல் கதவைக் கீல் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. பிடிபட்டது.

"கை மேலே போகப் போக பாரம் குறையும், ஸ்பிரிங்கும் தளரும்ப்பா. ரெண்டும் கூடவே குறையணும். அதனால ஸ்பிரிங் எவ்ளோ பாரத்துக்கு எவ்ளோ நீளுதுன்னு அளந்து சொல்லுங்க. ரெண்டு பாரம் வச்சு அளங்க. ஒண்ணு போதாது."

"சரிங்க டீச்சர்."

மார்ச் 9, ஞாயிறு

பழைய இரும்புக் கடையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு ஸ்பிரிங் கிடைத்தன. ஒன்றை உத்தரத்தில் மாட்டி, பத்து கிலோ தண்ணீரைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் சுவரில் பென்சில் கோடு. இவளுடைய டேப்பால் அளந்தேன். ஏழு சென்டிமீட்டர் நீண்டிருந்தது.

இருபது கிலோவுக்கு இன்னொரு வாளி வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்கச் சோம்பல். பத்துக்கு ஏழு என்றால் இருபதுக்குப் பதினாலு, இதற்கு எதற்கு வாளி? அளந்ததாகவே சொல்லிவிட்டேன்.

மகள் கணக்குப் போட்டாள். இருபத்தெட்டு கிலோவுக்கு இருபது சென்டிமீட்டர் இழுத்துக் கட்ட வேண்டும். "ரொம்ப நேர்த்தியா வந்திருக்கேப்பா. எங்க லேப்லகூட இப்படி வராது" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 15, சனி

தட்டும் கைகளும் செய்த பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து பொருத்திக் கொடுத்தார். அவருடைய இரும்பு டேப்பால் இருபது சென்டிமீட்டர், ஒரு நூல் பிசகாமல்.

மார்ச் 16, ஞாயிறு

"முதல் தடவையே மிஷினை வைக்காதீங்கப்பா. அதே எடைக்குத் தண்ணி வையுங்க" என்று மகள் சொல்லியிருந்தாள். நல்லவேளை, அதையாவது கேட்டேன்.

கொக்கியை விட்டேன். தட்டு எம்பியது. வாளி கூரையைப் பார்த்துவிட்டு என் தலைக்கு வந்தது.

இவள் சமையலறை வாசலில் நின்று நிதானமாகச் சொன்னாள்: "மிஷின் மேலே வரும்னு சொன்னீங்க. வீட்டை விட்டே போயிடும்போல இருக்கே."

சிரித்தேன். துடைக்கும்போது சிரிப்பு வரவில்லை. கணக்கு சரி, பொருத்தியது சரி. பிறகு எங்கே?

மார்ச் 17, திங்கள்

மிஷினைப் பார்க்க ஒரு அம்மாள் வந்துவிட்டுப் போனாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வாராம். இவள் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 19, புதன்

டியூட்டி முடிந்து வந்து ஸ்பிரிங்கைக் கழற்றி மறுபடி தொங்கவிட்டேன். மறுபடியும் ஏழு. குறுக்கே போன இவள் நின்றாள்.

"அது என் டேப்தானே?"

"ஆமா."

"அதுல முதல் ரெண்டு சென்டிமீட்டர் நைஞ்சுபோச்சுன்னு போன வருஷமே வெட்டி எறிஞ்சுட்டேனே. ரெண்டுல விரலை வச்சுத்தான் நான் அளக்கவே ஆரம்பிப்பேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேப்பின் நுனியைப் பார்த்தேன். பூஜ்யமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"எடுத்ததையே நீங்க சொல்லலியே."

ஆக, பத்து கிலோவுக்கு ஐந்துதான். பக்கத்து வீட்டு வாளியை வாங்கி வந்தேன். இருபதுக்குப் பத்து. அன்றைக்கே இதைச் செய்திருந்தால் டேப் பதினாலுக்குப் பதில் பன்னிரண்டு காட்டியிருக்கும், அதன் சாயமும் வெளுத்திருக்கும்.

மகளிடம் சொன்னேன். "அப்பா, அன்னிக்கு இருபது கிலோவை நீங்க அளக்கவே இல்லதானே?"

"தண்டனை அனுபவிச்சுட்டேன்மா. தலையோட."

இருபது இல்லை, பதினாலு சென்டிமீட்டர் இழுத்தாலே போதும். நட்டைத் தளர்த்தினேன்.

மார்ச் 22, சனி

தண்ணீர் வாளியோடு தட்டு, விட்ட இடத்தில் நின்றது. ஏற்றினால் ஏறியது, இறக்கினால் இறங்கியது. அப்புறம்தான் மிஷினை வைத்தேன். இவளைக் கூப்பிட்டு, "ஒரு விரல் போதும்" என்றேன். தொட்டாள். மிஷின் எழுந்து வந்தது. இறக்கினாள், மறுபடி ஏற்றினாள், மறுபடி இறக்கினாள்.

"இடப்பக்கம் கொஞ்சம் சாயுது" என்றாள்.

சாயத்தான் செய்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

அந்த அம்மாள் ஆட்டோவோடு வந்தார். வாசலிலேயே இவள் சொன்னது காதில் விழுந்தது: "கொடுக்கறதா இல்லைங்க. ஏதாவது தைக்கணும்னா கொண்டாங்க."

மார்ச் 27, வியாழன்

ஏழு மணிக்குமேல்தான் கண் விழித்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு எப்போதும் தாலாட்டு.

"எழுப்பக்கூடாதா?"

"ஒரு சட்டையே முடிச்சுட்டேன். நான் மிஷினை ஏத்தினது உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை.

டிப்போவில் நல்ல திட்டு. வரும் வழியில் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி வந்தேன்.