மூன்று மாதத்தில் படிக்க ஒரு மொழி

அக்கா, நோன்பு மாதம் தொடங்கிவிட்டது. எதிர் ஃப்ளாட்டிலிருந்து கஞ்சி வாசனை வருகிறது. இப்போது உங்கள் வீட்டு பாய்தான் காய்ச்சுகிறார். இஞ்சியை அள்ளிப் போட்டுவிடுகிறார். நேற்று ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினார். குடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இஞ்சி தூக்கல் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

நாம் வேலை தேடத் தொடங்கியபோது, குழந்தைக்காக வேலையை விட்டு எனக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது, உங்களுக்குப் பத்து. என் வீட்டுக்காரரின் ஆபீஸில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். நான் வேலைக்குத் திரும்பியே ஆகவேண்டும். எந்தக் கம்ப்யூட்டர் மொழியைப் படித்தால் வேலை கிடைக்கும், கிடைத்தது நிலைக்கும் என்றுதான் தெரியவில்லை. யூடியூபில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வேலையில் இருப்பவர்களையே கேட்டுவிடலாம் என்றீர்கள் நீங்கள்.

பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, ஒரு வாரம் கேம்ப் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் போய் நின்றோம். கழுத்தில் டேக் தொங்கினால் விடமாட்டீர்கள். நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள், நாங்கள் எதைப் படிக்கலாம் என்று கேட்பீர்கள். ஜாவாவில் இருந்தவர் பைத்தான் என்றார். பைத்தானில் இருந்த பெண், அங்கே ஏகப்பட்ட கூட்டம், வேறு பாருங்கள் என்றாள். ஒருவர், ப்ரோக்ராம் எழுதுவதை இனி ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். நான் செய்வதைப் படியுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நீங்கள் நடுரோட்டில் நின்று சிரித்தீர்கள்.

அதன்பிறகு நான் பைத்தானில் பத்து நாள், ஜாவாவில் ஒரு வாரம் என்று தாவிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது கேட்டீர்கள்.

"மூணு மாசத்துல கத்துக்கிற மாதிரி எதும்மா இருக்கு?"

"மூணு மாசத்தை வெச்சு என்னக்கா பண்றது? பத்து வருஷம் கழிச்சும் நிக்கணும்ல, அதைப் பாருங்க."

காய்ந்த துப்பட்டாவை மடித்தபடியே சொன்னீர்கள்: "பத்து வருஷத்தை நீ பாத்துக்கம்மா. எனக்கு மூணு மாசம் போதும்."

அன்று மாலையே பைத்தானைத் தொடங்கினீர்கள். தினமும் ஒரு சின்ன ப்ரோக்ராம். ஓடியதும் ஸ்க்ரீனைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவீர்கள். அதைப் பார்த்து வெட்கப்பட்டு நானும் தாவுவதை நிறுத்தி உங்களோடு உட்கார்ந்தேன். எழுபது, எண்பது நாள் படம் வந்தது. பிறகு ஆஸ்பத்திரி.

எல்லாம் முடிந்தபின் பாய் சொல்லித்தான் தெரிந்தது. நோய் முற்றிவிட்டது, நடமாட்டமாக இருப்பது இன்னும் மூன்று மாதம்தான் என்று டாக்டர் சொன்னதற்கு மறுநாள்தான் மாடியில் அப்படிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைவிட அதிகக் கோபம் என் மேல். உங்களிடம் போய்ப் பத்து வருஷக் கதை பேசினேனே.

நாம் சேர்ந்து படித்ததை வைத்துத்தான் வேலை கிடைத்தது. இந்த மாதம், டீமையே வேறு மொழிக்கு மாற்றுகிறோம் என்று மெயில் வந்திருக்கிறது. நான் பயப்படவில்லை. டீமில் மற்றவர்கள்தான், வேறு வேலை தேடிக்கொண்டே என்னிடம் வந்து, எதைப் படித்தால் எதிர்காலம் இருக்கும் என்று கேட்கிறார்கள். உங்களுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று அவர்களிடம் முதலில் கேட்கிறேன். அடுத்த இண்டர்வியூ தேதியைச் சொல்கிறார்கள்.