நீ பூட்டிவிட்டுப் போன லேப்டாப்

உன் லேப்டாப் ஒரு வாரமாக என் மேசையில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு நீ அதன் மூடியில் வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துடைக்கலாம் என்று தோன்றுகிறது, கை போகவில்லை. தாமல் பக்கம் நெடுஞ்சாலையில் உன் பைக் அடிபட்டு நீ போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. அழுகை வரவில்லை. பசித்தால் சாப்பிடுகிறேன். கடையைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

உன் மனைவிதான் கொண்டுவந்தாள். "போனு அங்கயே நசுங்கிப்போச்சுண்ணா. போட்டோ, வீடியோ எல்லாம் இதுலதான் ஏத்தி வெச்சிக்கினு இருந்தாரு. பாப்பாகூட அவர் பேசுறது இருக்குது. எடுத்துக் குடுங்கண்ணா" என்றாள். பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுக்கொண்டு ஒரே அறையில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்தவர்கள் நாம். என்னால் முடியாது என்று அவள் நினைக்கவே இல்லை.

என் மேசையில் விண்டோஸ், உன் மேசையில் லினக்ஸ். நாம் அரசியலுக்குக்கூட சண்டை போட்டதில்லை, இதற்குத்தான் போட்டோம். தறிக்காரர்கள் சட்டைப்பையில் கொண்டுவரும் பென்டிரைவ் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும். ஒரு முறை அதில் வந்த வைரஸ் என் டிசைன்களை மொத்தமாக முடக்கிப்போட்டது. அதே பென்டிரைவை நீ உன்னுடையதில் செருகிவிட்டு நிதானமாக டீ குடித்தாய்.

"இன்னாபா, உன்னுது சத்திரமா? யாரு வேணா வந்து படுத்துக்குவான் போலக்குது. என்னுது என்னைக் கேக்காம ஒண்ணையும் உள்ள விடாது."

"ஊரே விண்டோஸ் வெச்சிக்கினு இருக்குது, திருடனும் இங்கதான் வருவான். உன்னுத எவன் சீண்டுவான்?" என்று நானும் விடவில்லை. அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஒப்புக்கொள்ள உனக்கு வாய் வந்ததே இல்லை. ஆப்பிள் வைத்திருந்த ஒரு முதலாளி வந்து "ரெண்டுமே வேஸ்ட்டு" என்ற அன்று மட்டும் நாம் ஒரே கட்சி.

பிறகுதான் அந்தப் பார்டர் விவகாரம். நாம் வரைந்தது தறியில் ஏறும் முன்பே வேறொரு கடையின் கண்ணாடிக்குள் சேலையாகத் தொங்கியது. யார் வழியாகப் போனது என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்கே நீ டிஸ்க் முழுவதையும் பூட்டினாய். "இனிமே தூக்கிக்கினு போனாலும் வெறும் தகரம்தான்பா" என்றாய். பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னைக்கூடத் திரும்பிக்கொள்ளச் சொல்வாய். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பாப்பாவின் பெயரை அடித்துப் பார்த்தேன். நம் ஊர்ப் பெருமாள் வரதரின் பெயரையும் அடித்தேன். அப்புறம் பார்டர் பெயர்களாக அடித்தேன்: ருத்ராட்சம், தாழம்பூ, மயில்கண், மல்லிமொக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு வேறென்ன தோன்றும்? சென்னையில் டிஸ்க் மீட்டுத் தரும் ஒருவரிடம் எடுத்துப்போனேன். "பூட்டாம இருந்தா கழட்டி எடுத்துரலாம் சார். இது ஆவாது" என்றார். என் கணினி என்றால் அவருக்கு அரை மணி நேர வேலைதான். அதைத்தான் நீ கேலி செய்வாய்.

இன்று உன் மனைவியிடம் சொன்னேன். "அப்ப அழிச்சிட்டுக் குடுங்கண்ணா. நான் இதுல டிசைன் வேலை பழகணும்" என்றாள். எதிரிலேயே அழித்தேன். நிச்சயமா என்று அது கேட்டது; ஆம் என்று அழுத்தினேன். உன் லினக்ஸையே மறுபடி போட்டுக் கொடுத்தேன். நம் சண்டை முடிந்ததப்பா. உன்னுடையதுதான் பாதுகாப்பானது.

ஒன்றாம் வகுப்பு படிக்கும் உன் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, அப்பா பேசுறது போச்சா?" என்று கேட்டாள்.

"இன்னாபா" என்று நீ இழுப்பது எனக்கு இந்த நிமிஷமும் கேட்கிறது. அவளுக்கு எடுத்துக் கொடுக்கத்தான் வழி தெரியவில்லை.