வயிற்றில் பட்ட குண்டு

டிசம்பர் 14, சனி

கோபம் இன்னும் அடங்கவில்லை. இதே டெக்சாஸில் காப்பெல் நகரிலிருந்து வந்திருக்கும் மூர்த்தி அங்கிளுக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. மாடு அளவு பெரிய நீலகாய் மான் ஒன்றைச் சுட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. இந்தப் பண்ணையில் வேட்டைக்கு வழிகாட்டி நான். எப்போது சுடலாம் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

மூன்று மணி நேரம் முள்புதருக்குள் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். கடைசியில் ஒரு ஆண் நீலகாய் கண்ணில் பட்டது; அந்தக் காளை முதுகைக் காட்டிச் சாய்வாக நின்றது.

"கொஞ்சம் வெயிட் பண்ணுங்க அங்கிள், திரும்பட்டும்."

"எனக்குத் தெரியும் தம்பி, நீ சும்மா இரு." சுட்டுவிட்டார்.

குண்டு வயிற்றில் பட்டது. காளை புதருக்குள் ஓடிவிட்டது. இருட்டும்வரை ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடினேன், கிடைக்கவில்லை. திரும்பி வந்தால், அங்கிள் டிரக்கில் உட்கார்ந்து பிளாஸ்க் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"விடுப்பா, டென்ஷன் ஆகாத. நாளைக்கு வேற ஒண்ணு பாத்துக்கலாம்."

அவர் மேல் மட்டுமா கோபம்? போன வாரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இப்படி அவசரப்பட்டபோது, "சுடாதே!" என்று அதட்டி அவர் துப்பாக்கியைக் கீழே அழுத்தினேன். இவரிடம் மட்டும் பெரியவராயிற்றே என்று குழைந்தேன். அந்த மரியாதைக்குத்தான் ஒரு காளை வயிற்றில் குண்டோடு இப்போது எங்கோ கிடக்கிறது.