வினாகிரியில் போட்ட எரிமலைக் கல்

என்னங்க,

நீங்க ஆராய்ச்சிக்குன்னு பூனாவிலிருந்து அனுப்பி வச்ச எரிமலைக் கல்லை, அழுக்குப் போகட்டுமேன்னு நான்தான் ஊறுகாய்க்கு ஊத்துற வினாகிரியில ஊறப்போட்டேன். அதோட குழிகள்ல நிறைஞ்சிருந்த வெள்ளைக் கனிமமெல்லாம் நுரைச்சுக் கரைஞ்சு போச்சு.

"ஆறரைக் கோடி வருஷத்துக் கல்லு! பாழாக்கிட்டியே!"ன்னு போன்ல கத்தினீங்க. அப்பதான் நான் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட்டோட வந்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்ன சொன்னாருன்னு கேப்பீங்கன்னு காத்திருந்தேன். கல்லைப் பத்தியே பேசிட்டு வச்சிட்டீங்க.

திங்கட்கிழமை ஆபரேஷன். மார்புக் கட்டியோட சேர்த்து இடது பக்கத்தை முழுசா எடுக்கணுமாம். உங்க தங்கச்சி சுகிர்தா பிலிமத்தலாவையிலிருந்து துணைக்கு வாறா.

நீங்க வரவேண்டாம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். எவ்வளவு கோபம் இருந்தும் அந்த ஒரு வரியை எழுத முடியலைங்க.

உங்க மனைவி