பதின்மூன்றாம் பக்கம்

யாங்கோன்
9 ஜூன் 2024

உதயா,

இல்லை, நில விற்பனை, இழவுச் செய்தி, விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படித்துப் பதிகிறோம். உன் அம்மா வைத்த நிபந்தனை. உங்களைப் போல் பார்வையற்றவர்களுக்கு முக்கியச் செய்திகள் மட்டும் போதுமா என்று கேட்டேன். சிரித்தார்.

"ஏன் புஷ்பா, நீங்க எத விட்டீங்கன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? கண்ணிருக்கிறவன் பாத்துட்டு வேணாங்கிறான். நாங்க கேட்டுட்டு வேணாங்கிறோம்."

நாங்கள் நாலு பேர். சம்பளம் யாருக்கும் இல்லை. பபேடானில் சுலைமான் பாயின் துணிக்கிடங்கில் பதிகிறோம். லுங்கிக் கட்டுகளுக்கு நடுவே எதிரொலி இல்லை. பர்மியப் பத்திரிகை, ஆளுக்குச் சில பக்கம். கடைசிப் பக்கங்கள் எனக்கு. சனிக்கிழமை மெமரி கார்டுகளோடு தாகேதாவுக்குப் பஸ். உன் வீட்டோடு ஒன்பது வீடு. நீ தொடங்க நினைத்தது, நீ போன பிறகு நடக்கிறது.

அம்மா உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. கடிதம் வந்ததா என்று மட்டும் கேட்கிறார்.

போனில் எதுவும் வேண்டாம். பாலத்தில் பட்டாளத்தார் வாங்கிப் பார்க்கிறார்கள். பாய் சரக்கெடுக்க எல்லைக்கு வரும்போது இதைத் தருவார்.

புஷ்பலதா


மேசொட், தாய்லாந்து
23 ஜூன்

புஷ்பா,

ஒரு உதவி. கோபித்துக்கொள்ளாதே.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் பெயர் வந்தும் நான் ஓடிவந்ததற்காக, வீட்டைப் பூட்டி முத்திரை வைப்போம் என்று அப்பாவை மிரட்டியிருக்கிறார்கள். மகனை விலக்கிவிட்டோம் என்று பத்திரிகையில் அறிவிப்புப் போட்டால் விட்டுவிடுவார்களாம். எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள். நீயே படித்திருப்பாய். அப்பா பாய் மூலம் கேட்டனுப்பினார். போடுங்கள் என்றேன்.

அம்மா பெயரும் வர வேண்டும். மின்சார மீட்டருக்கான தாள் என்று சொல்லி அப்பா கைநாட்டு வாங்கிவிட்டார்.

கடைசிப் பக்கங்கள் உன்னுடையவை. அந்த நாலு வரியை மட்டும் விட்டுவிடு. அம்மா தாங்கமாட்டாள்.

உதயசூரியன்


யாங்கோன்
14 ஜூலை

உதயா,

அறிவிப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. பதின்மூன்றாம் பக்கம். பெற்றோர் மனம் நோக நடந்ததால் இன்றுமுதல் மகன் அல்ல. உன் பெயர். பிறந்த தேதி.

மேலே இருந்ததைப் படித்தேன். மூச்சு வாங்கினேன். கீழே இருந்ததைப் படித்தேன். பதிவில் அந்த இடம் தெரியவே இல்லை.

சனிக்கிழமை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் படிக்கும் பக்கங்களைத்தான் முதலில் கேட்பதாகச் சொன்னார்.

புஷ்பலதா


மேசொட்
28 ஜூலை

புஷ்பா,

வீடு தப்பியது. நீ செய்ததை மறக்கமாட்டேன்.

இங்கே தையல் ஆலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. அம்மாவின் குரலைக் கார்டில் பதிந்து அனுப்புவாயா? என்ன பேசினாலும் சரி.

உதயசூரியன்


யாங்கோன்
18 ஆகஸ்ட்

உதயா,

அம்மாவின் குரலை அனுப்பச் சொல்லியிருந்தாய். பதிய முடியவில்லை. எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுத் தங்கமணி குழாயடியில் கேட்டாளாம்: "ஏங்க்கா, பெத்த புள்ளய வேணாம்னு பேப்பர்ல போட்டீங்களே, உங்க பேசுற பேப்பர் அத வாசிக்கலியா?"

அம்மா என்னை வரச் சொன்னார். பழைய பத்திரிகையோடு போனேன்.

"படி."

படித்தேன்.

"மறுபடி."

மறுபடி படித்தேன். உன் அப்பா எழுந்து வெளியே போனார்.

"வீட்டக் காப்பாத்தணும்னா நானே கைநாட்டு வெச்சிருப்பேன். அவன் உசுரோட இருந்தாப் போதும்னு வெச்சிருப்பேன். யாரும் கேக்கலியே."

"இன்னும் என்னென்ன விட்டே?" என்றார்.

வேறு எதையும் விடவில்லை என்றேன்.

"அத நான் எப்பிடி நம்புறது?"

அந்த வாரத்துக் கார்டைப் போட்டுக் கேட்காமலே திருப்பிக் கொடுத்தார்.

நீ கேட்டாய். விட்டது நான். பழியை உன்மேல் போடவில்லை. ஆனால் இனி எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு எழுது. எங்களில் ஒருத்தி, ருக்சார், படித்துக்காட்டுவாள். ஒரு வரி விடாமல். பதில் சொல்வாரா என்று தெரியாது.

நேற்றுக் காலை கிடங்குக்குப் போய் அந்தப் பதின்மூன்றாம் பக்கத்தை முழுதாகப் பதிந்தேன். போன மாதம் நான் விட்ட அறிவிப்பு எது என்பதை முதலில் சொன்னேன். மற்ற எட்டு வீடுகளுக்கும் கொண்டுபோனேன். இரண்டு வீட்டில் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கிடங்குச் சாவியையும் கடைசிப் பக்கங்களையும் ருக்சாரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

புஷ்பலதா